ஊரூர் குப்பத்தின் "காலி இடம்"

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "குடியிருப்போர் நலச்சங்கங்களும் நகரின் தனித்தன்மையும்". சாம்பார் சாதம், பாயசத்துக்குப் பிறகு இவ்வளவு பெரிய தலைப்பைத் தாங்க முடியாது. அதனால் ஒரே ஒரு இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஊரூர் ஒல்காட் குப்பம். நான் பெசன்ட் நகரில் இருபது வருஷத்துக்கும் மேலாகக் குடியிருப்பவன். எங்கள் தெருச் சங்கத்தில் நாலு வருஷம் பொருளாளர் வேலை பார்த்தவன். அதற்கெல்லாம் முன்னால் இந்தக் கல்லூரியில் சிவில் படித்தவன், சர்வே கேம்ப்பில் சங்கிலி இழுத்தவன். அந்த சர்வேக் கண்ணோடுதான் பேசப் போகிறேன். மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தென்கரை. மேற்கே பிரம்மஞான சபையின் மரங்கள், கிழக்கே கடல், இரண்டுக்கும் நடுவே இருப்பது ஊரூர் குப்பம். அதை ஒட்டித் தெற்கே ஒல்காட் குப்பம். அதற்கும் தெற்கே, நம்மில் பலர் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் போன எலியட்ஸ் பீச். வடக்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம். நடுவில் நிற்பது 1967-ல் கட்டி 1977-ல் உடைந்த பாலம். சினிமாக்காரர்களுக்கு மிகவும் பிடித்த இடம். அந்தப் பாலத்தைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒல்காட் என்பவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட், அமெரிக்கர், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். சபையின் தலைமையிடம் 1882-ல் அடையாறுக்கு வந்தது. 1894-ல் அவர் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்காக இங்கே ஓர் இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார். ஊரூர் என்ற பெயருக்கோ எந்த துரையும் தேவைப்படவில்லை. பெசன்ட் நகரில் வீடு வைத்திருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பலருடைய பத்திரத்தில் "ஊரூர் கிராமம்" என்றுதான் இருக்கும். வீட்டு வசதி வாரியம் 1970-களில் மனை பிரித்து வளர்த்த பகுதிதான் இன்றைய பெசன்ட் நகர். நாம் குப்பத்தை "நம்ம ஏரியாவுக்குப் பக்கத்திலே இருக்கிற குப்பம்" என்கிறோம். பத்திரப்படி பார்த்தால், அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்து குடியேறியவர்கள் நாம்.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். நம் மாதிரி ஆட்கள் நடத்தும் நலச்சங்கம் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்வோம். தலைவர், செயலாளர், பொருளாளர். வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு, அதற்கு வருகிற கூட்டம் செயற்குழுவை விடச் சின்னதாக இருக்கும். தண்ணீர் வரவில்லை, சாக்கடை வழிகிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதுவோம். 1989-ல் எம்.பி. நிர்மல் எக்ஸ்னோராவைத் தொடங்கியதற்குப் பிறகு குப்பை அள்ளும் வண்டியும் பல தெருச் சங்கங்களின் கையில் வந்தது. நல்ல வேலைதான். அந்தக் காலத்தில் பத்து ரூபாய் சந்தா வசூலிக்க நாலு தரம் மாடி ஏறியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் "ஏரியாவின் தன்மையைக் காப்பாற்றுவது" என்று வரும்போதுதான் சங்கங்கள் சறுக்குகின்றன. தன்மை என்றால் என்ன? எங்கள் பகுதிக் கூட்டங்களில் இந்த வார்த்தை வரும்போதெல்லாம் நான் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் மரம், அமைதி, மாடி உயரம், வண்டி நிறுத்தம். சில சமயம் தள்ளுவண்டிக்காரரை அப்புறப்படுத்துவதும் அதே வார்த்தையின் கீழ் வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற தோற்றத்தைத்தான் நாம் தன்மை என்கிறோம். ஓர் இடத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை யாரும் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதில்லை.

குப்பத்தில் இருப்பதும் குடியிருப்போர் சங்கம்தான். அதற்குப் பெயர் ஊர்ப் பஞ்சாயத்து. சோழமண்டலக் கடற்கரை முழுக்கப் பட்டினவர் குப்பங்களில் இந்த அமைப்பு உண்டு. கூட்டம் கோயில் முன்னால்தான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. திருவிழாவுக்கு, வழக்குக்கு, கடலில் யாராவது காணாமல் போனால் தேடிப் போகும் டீசலுக்கு எல்லாம் அந்த வரிதான். "இன்றைக்குத் தொழில் கிடையாது" என்று ஊர் சொல்லிவிட்டால் ஒரு படகும் இறங்காது. நம் சங்கம் "இன்றைக்கு யாரும் காரை வெளியே நிறுத்தாதீர்கள்" என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! கடலில் எந்த வலை போடலாம், கரையில் யார் படகு எங்கே நிற்கும், இரண்டு வலை சிக்கிக்கொண்டால் நஷ்டத்தை யார் ஏற்பது, எல்லாமே அங்கே பேசித் தீர்க்கிற விஷயங்கள். பதிவு எண் கிடையாது, பைலா கிடையாது. அதனால்தான் கோர்ட்டுக்கோ அரசு அலுவலகத்துக்கோ போக வேண்டி வரும்போது குப்பங்கள் தனியாக ஒரு மீனவர் நலச்சங்கத்தையோ கூட்டுறவுச் சங்கத்தையோ முன்னால் நிறுத்த வேண்டியிருக்கிறது. அதிகாரிக்கு ரப்பர் ஸ்டாம்ப் வேண்டுமே.

இந்தப் பஞ்சாயத்து காப்பாற்ற நினைப்பது எதை? என் பேச்சின் சாரமே இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

குப்பத்துக்கு முன்னால் மணல் இருக்கிறது. பகல் 12 மணிக்குப் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ காலியாக இருக்கும். நாலு நாய் தூங்கும், ஒரு பெரியவர் படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருப்பார். நம் சர்வேயர் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு பத்து மணிக்கு மேல்தான் வருவார். வந்து பார்த்து, வரைபடத்தில் "காலி இடம்" என்று எழுதிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். கட்டடம் இருந்தால் கட்டம் போடு, மரம் இருந்தால் வட்டம் போடு, ஒன்றும் இல்லையென்றால் காலி.

அதே மணலுக்கு விடியற்காலையில் போங்கள். படகு வந்து இறங்கும். வலையிலிருந்து மீனை உதறி எடுக்க ஒவ்வொரு படகைச் சுற்றியும் எவ்வளவு இடம் தேவைப்படுகிறது என்று பாருங்கள். அதற்குப் பக்கத்தில் ஏலம். கூடையோடு பெண்கள் நிற்பார்கள், அவர்கள்தான் விலையைத் தீர்மானிக்கிறவர்கள். விற்காத மீன் உப்புப் போட்டுக் காயப் போகும், அதற்கு வெயில் படுகிற மணல் தனியாக வேண்டும். வலையை நீளத்துக்கு விரித்து அறுந்த இடம் தேட வேண்டும், ஒரு வலையை விரித்தால் எவ்வளவு நீளம் போகும் என்று மைலாப்பூரில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். பத்து மணிக்குத்தான் சர்வேயர் வருவார்.

இது கடிகாரக் கணக்கு. காலண்டர் கணக்கு இன்னொன்று இருக்கிறது. சிவில் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நம் கரையில் தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கும் மாதங்களில் அலை மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போகிறதுதான் அதிகம். சென்னைத் துறைமுகத்துக் கற்சுவரில் அந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றதும் நீங்கள் படித்ததுதான். அதே மணல் ஓட்டம்தான் அடையாறு முகத்துவாரத்தை மூடுகிறது, திறக்கிறது, இடம் மாற்றுகிறது. ஏப்ரலில் அகலமாக இருக்கிற கரை நவம்பரில் அப்படி இருக்காது. புயல் அறிவிப்பு வந்தால் படகு, வலை, இன்ஜின் எல்லாம் மேலே ஏற வேண்டும். அந்த "மேலே" என்கிற இடம் வருஷத்தில் பத்து மாதம் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதுதான் அதன் வேலை. ஆஸ்பத்திரியில் அவசரப் படுக்கை காலியாக இருக்கிறது என்று யாரும் அதை வாடகைக்கு விடுவதில்லையே.

குப்பத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில். வாடை, கச்சான் என்று காற்றுக்குப் பெயர், நீரோட்டத்துக்குத் தனித்தனிப் பெயர். எந்தக் காற்றோடு எந்த நீரோட்டம் சேர்ந்தால் வலை போடலாம், எது சேர்ந்தால் வீட்டில் இருக்கலாம் என்று சொல்வார்கள். ஊரூர் குப்பத்து மூத்த மீனவர் ஒருவர் சொல்லிய இந்த விவரங்கள் பத்திரிகைகளிலேயே வந்திருக்கின்றன. ஹைட்ராலிக்ஸ் டிபார்ட்மென்ட் அவரைக் கூப்பிட்டு ஒரு விருந்தினர் சொற்பொழிவு வைத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அரசுக் கணக்கில் இந்த மணலுக்கு என்ன பெயர்? புறம்போக்கு. இந்த வார்த்தை இன்றைக்குத் திட்டுகிற வார்த்தை ஆகிவிட்டது. பழைய பொருள் வேறு. வரி போடும் நிலக் கணக்குக்குப் புறம்பானது, அவ்வளவுதான். மேய்ச்சல், ஏரி, சுடுகாடு, களம் என்று ஊர் பொதுவில் வைத்திருந்த நிலம். யாருக்கும் பட்டா இல்லாததால் அது எல்லோருக்கும் உரியதாக இருந்தது. இப்போது யாருக்கும் பட்டா இல்லாததால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள் மாறிவிட்டது. ஆக, குப்பத்தின் தன்மை முழுக்க ஒரு பட்டா இல்லாத மணலில் நிற்கிறது. வீட்டுக்குப் பட்டா கொடுத்தாலும் மணல் போய்விட்டால் தொழில் போச்சு. தொழில் போனால் அது குப்பம் அல்ல, கடலைப் பார்த்த ஒரு குடியிருப்பு. அப்புறம் அந்த வீட்டையும் விலை பேச ஆள் வரும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 1985 கடைசியில் மெரினாவை அழகுபடுத்துவது என்று கட்டுமரங்களை அப்புறப்படுத்தப் போய், மீனவர்கள் எதிர்த்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்ச்சேதம் வரை போனது. நம்மில் பலர் அப்போது வேலைக்குப் போய்விட்டோம், பேப்பரில் படித்திருப்போம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் அரசாணை 172 வந்தது. கடலிலிருந்து தள்ளிப் போனால் புது வீடு, பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். போகாதவர்களுக்கு அந்த உதவி இல்லை. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள், அந்த நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் படகு ஒரு கிலோமீட்டர் உள்ளே வராதே! கடலைப் பார்க்காமல் இன்றைக்கு இறங்கலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

சுனாமியை விடக் குப்பத்தை அதிகம் அலைக்கழித்தது ரோடு. 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு உயர்மட்டச் சாலை என்று ஒரு திட்டம் வந்தது. மீனவர்களும் குடியிருப்போரும் எதிர்த்தார்கள், அது நிறைவேறவில்லை. பிறகு குப்பத்தை ஒட்டிய மணலிலேயே சாலை போடும் பேச்சு. ஊரூர் குப்பத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவரே பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2020-ல் உயர்நீதிமன்றத்தில் மெரினா பற்றிய வழக்கில், பட்டினப்பாக்கத்தையும் பெசன்ட் நகரையும் இணைக்க, நான் சொன்னேனே, அந்த உடைந்த பாலம் இருக்கிற இடத்தில் புதுப் பாலமும் சாலையும் என்ற யோசனை பெரிதாகக் கிளம்பியது. 2025-லும் கலங்கரை விளக்கத்திலிருந்து நீலாங்கரைக்குக் கடல் மேல் பாலம் என்று பேச்சு வந்தது. பெயர் மாறும், வருஷம் மாறும், கோடு மட்டும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும்.

ரோடு வந்தால் என்ன கெட்டுப்போகும், மீனவருக்கும்தானே வசதி என்று என் சொந்தச் சம்பந்தியே கேட்டார். நியாயமான கேள்வி. எம்.ஆர்.சி. நகர், அடையாறு சிக்னல்களில் நிற்கிறவர்களுக்கு அந்தப் பாலம் ஒரு வரப்பிரசாதம் போலத்தான் தெரியும். குப்பத்திலும் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. ரோடு வந்தால் கடை போடலாம் என்று நினைக்கிற இளைஞர்கள் உண்டு. அவர்களை யாரும் துரோகி என்று சொல்ல முடியாது. அவருக்கு நான் சொன்ன பதில், ஆற்றுக்கு அந்தக் கரையில் நொச்சிக்குப்பத்தைப் போய்ப் பாருங்கள் என்பதுதான்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை போகும் லூப் ரோடு அந்தக் குப்பங்களின் கரையில்தான் ஓடுகிறது. ரோட்டோரத்தில் பெண்கள் மீன் விற்றார்கள். சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசல் வண்டிகள் லூப் ரோட்டில் திரும்ப ஆரம்பித்தன. 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர்நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் மாநகராட்சி அந்தக் கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகையும் வலையையும் ரோட்டில் போட்டு மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மீன் இருந்த இடத்துக்கு ரோடு வந்தது. அப்புறம் ரோட்டில் மீன் இருக்கிறது என்று வழக்கு வந்தது. ரோடு ஒரு முறை மேப்பில் ஏறிவிட்டால், அதற்கு முன்பிருந்தவர் ஆக்கிரமிப்பாளர்.

சட்டத்துக்கும் இது தெரியும் என்பதுதான் வேடிக்கை. 1991-ல் முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தபோதே, நகர்ப்புறக் கரையில் ஏற்கெனவே இருக்கிற சாலைக்கு நிலத்துப் பக்கம்தான் கட்டடம் அனுமதி என்றார்கள். சரி, கடல் பக்கமாக ஒரு புது ரோட்டைப் போட்டுவிட்டு, "இதோ சாலை, நாங்கள் இதற்கு உள்ளேதானே கட்டுகிறோம்" என்று யாராவது வந்தால்? அப்படிப் போட்ட புது ரோட்டைக் காட்டிக் கட்டடம் கேட்கக் கூடாது என்று அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவருக்கு நம் ஊர் ரியல் எஸ்டேட்காரர்களை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே அறிவிக்கை 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. அதில் குப்பங்களுக்குப் பிடி கிடைத்தது ஒரு விஷயத்தில். கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒவ்வொரு மாநிலமும் தயாரிக்க வேண்டும். மீனவ ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், எதிர்காலக் குடும்பப் பெருக்கத்துக்கு வேண்டிய வீட்டு நிலம், இவையெல்லாம் திட்டத்தில் இடம்பெற வேண்டும். நம் மாநில வரைவு வரைபடங்கள் 2018-ல் மக்கள் கருத்துக்கு வந்தபோது, மீனவர்கள் கொண்டுவந்த முதல் ஆட்சேபணையே "எங்கள் ஊர் எங்கே, எங்கள் கரை எங்கே" என்பதுதான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. மனு எழுதி, கறுப்புக் கொடி காட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. சென்னை, திருவள்ளூர் கரையோரக் குப்பங்களில் மீனவ இளைஞர்களே ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் கரையை நடந்து அளந்தார்கள். படகு நிறுத்துகிற இடம் இது, வலை காயப்போடுவது இங்கே, ஏலம் இங்கே, திருவிழாத் திடல் இங்கே. ஊர்ப் பெரியவர்கள் பக்கத்தில் நின்று எல்லையைச் சொல்வார்கள், பையன்கள் புள்ளி எடுப்பார்கள். நாம் பிளேன் டேபிள் சர்வேயில் செய்தது இதேதான், ஒரு வித்தியாசம், நமக்கு மார்க் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாயத்து வாயால் காப்பாற்றி வந்த ஒழுங்கு முதல் தடவையாகக் கோட்டில் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு அரசின் வரைபடத்தை வாங்கி, தங்களுடையதைப் பக்கத்தில் வைத்துப் பேச முடிந்தது. இப்போது "காலி இடம்" என்று எழுதுகிறவர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. வாய்வழி ஒழுங்கு வளைந்து கொடுக்கும். இந்த வருஷம் முகத்துவாரம் நகர்ந்தால் படகும் நகரும். கோடு நகராது. மேப்பில் ஓர் இடத்தைக் குறித்துவிட்டால், குறிக்காத இடம் உங்களுடையது இல்லை என்று நாளைக்கு ஒருவர் சொல்வார். குப்பத்துக்காரர்களோடு பேசியதில் இந்தப் பயம் அவர்களுக்கும் இருப்பதைப் பார்த்தேன். தெரிந்துதான் செய்கிறார்கள். கோடே இல்லாமல் இருப்பதை விட இது மேல் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

நம் காலனிச் சங்கங்கள் இதில் எங்கே வந்தன? கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தன. நமக்கு முன்னால் மாணவர்கள் வந்துவிட்டார்கள். ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரி முதல் இந்தக் கரையில் முட்டையிட வரும். 1988-ல் சென்னை மாணவர்கள் சேர்ந்து ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி நடையாக நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்தார்கள். இன்றைக்கும் நடக்கிறார்கள். ஆமைக் குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும். கடலோரத்தில் ரோடும் சோடியம் விளக்கும் வந்தால் கடலுக்குப் பதில் ரோட்டுக்குத்தான் போகும். ஆக, ரோடு வேண்டாம் என்பதற்கு மீனவருக்கு ஒரு காரணம், ஆமைக்காரருக்கு ஒரு காரணம், காலையில் வாக்கிங் போகிற ஓய்வூதியக்காரருக்கு ஒரு காரணம். 2020-ல் ஊரூர் குப்பத்து மக்களும் பெசன்ட் நகர்க்காரர்களும் ஒரே கரையில் கூடி நின்றதற்கு இதுதான் அடிப்படை. எல்லோருக்கும் ஒரே காரணம் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதற்கு முன்னால் ஓர் அறிமுகம் நடந்திருந்தது. 2015-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும், சுற்றுச்சூழல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமனும், நண்பர்களும், குப்பத்து மக்களும் சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழா என்று தொடங்கினார்கள். கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில், டிக்கெட் இல்லாமல், குப்பத்துக்குள்ளேயே. பிறகு சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாறி வேறு இடங்களுக்கும் போனது. சபாக்காரர்கள் குப்பத்துக்குச் சங்கீதம் கற்றுக்கொடுக்கப் போனார்களா என்று கிண்டலும் வந்தது. சங்கீத விமர்சனம் எனக்குத் தெரியாது. ஒன்று தெரியும். எங்கள் தெருவில் முப்பது வருஷமாகக் குடியிருந்து குப்பத்துக்குள் கால் வைக்காத மாமா, மாமிகள் அன்றைக்குத்தான் முதல் தடவை உள்ளே போனார்கள். மீன் வாசனை பற்றி மனு எழுதலாமா என்று ஒரு காலத்தில் பேசியவர்களும் அதில் உண்டு. அதே வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக் குப்பங்களிலிருந்து படகுகள் லாரியில் ஏறி நகரத்துத் தெருக்களுக்கு வந்து ஜனங்களை மீட்டன. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் அந்த வாசனைப் பேச்சு எழவில்லை.

குப்பத்துப் பஞ்சாயத்தை நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்காதீர்கள். அதில் குறை இருக்கிறது. பொதுவாக இந்தக் கரைப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடம் கிடையாது. மீனைக் காசாக்குவது பெண், கடன் வாங்கி அடைப்பது பெண், மறியலில் முன்னால் உட்காருவது பெண், ஆனால் கோயில் முன்னால் தீர்ப்புச் சொல்லும்போது ஆண்கள்தான். மணலில் அவர்கள் மீன் காயப்போடும் இடம் மேப்பில் வருமா, படகு நிற்கும் இடம் மட்டும்தான் வருமா என்பது யார் அளக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது. குப்பத்தில் வாடகைக்கு இருக்கிற, தொழிலுக்குப் போகாத குடும்பங்களுக்கும் இதே கேள்விதான். காலனிச் சங்கங்களும் ஒசத்தி இல்லை. எங்கள் பைலாவில் வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான் ஓட்டு, வாடகைக்காரருக்குச் சந்தா கட்டும் உரிமை மட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வே கேம்ப் என்று ஏற்காடு, கொடைக்கானல் போகிறீர்கள், போங்கள், எனக்கும் அந்த நினைவுதான் இனிக்கிறது. ஆனால் இரண்டாவது ப்ராஜெக்டுக்கு ஊரூர் குப்பத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று துறைத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். பஞ்சாயத்தாரிடம் முறையாக அனுமதி கேட்டுக்கொண்டுதான். ஒரே கரையை நாலு தடவை அளக்க வேண்டும், ஏப்ரலில் ஒன்று, நவம்பரில் ஒன்று, காலை ஆறு மணிக்கு ஒன்று, பகலில் ஒன்று. நாலையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அந்தக் காலி இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பெண்களிடம் தனியாகக் கேட்டு அளக்க நம் மாணவியர் இருக்கிறார்கள். அந்த வரைபடத்தைக் குப்பத்துக்கே கொடுத்துவிட வேண்டும், லைப்ரரி பீரோவில் பூட்டக் கூடாது. செலவுக்கு எங்கள் வருஷத்து நண்பர்கள் பொறுப்பு, மேடைக்கு வருவதற்கு முன்பே நாலு பேரிடம் வாக்கு வாங்கிவிட்டேன், அவர்கள் இப்போது தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு, நாளைக்கே பார்க்க வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் அதிகம். வார நாளில் ஆறு மணிக்கு முன்னால் எலியட்ஸ் பீச்சில் காரை நிறுத்திவிட்டு, ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி வடக்கே கரையோடு நடங்கள். படகு இறங்குகிற இடத்தில் குறுக்கே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் பை கொண்டு போங்கள். ரொம்பப் பேரம் பேசாதீர்கள், அந்த அம்மாக்களிடம் எடுபடாது.